இடுப்பில் கட்டிய கயிறு

வெள்ளம் வந்தால் ஊரே படித்துறைக்கு ஓடிவரும் பூந்துறைச் சீமையை முன்னொரு காலத்தில் வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மாதத்துக்கு ஒரு பித்து அவனுக்கு. போன மாதம் சேவல் சண்டை. இந்த மாதம் சொற்கள். யார் வாயைத் திறந்தாலும், "அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று பிடித்துக்கொள்வான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பரிசல்காரி சிலம்பாயி மாட்டிக்கொண்டாள். முந்தின நாள் ராஜாவின் தங்கை படித்துறையில் வழுக்கி ஆற்று வெள்ளத்தில் விழுந்துவிட்டாள். கரையில் நின்ற தளவாய் பூவராகன், "ஐயோ, யாராவது ஓடி வாருங்கள்!" என்று கத்தினார். ஓடி வந்தவள் சிலம்பாயி. கயிற்றின் ஒரு முனையை படித்துறை மண்டபத்தின் தூணிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு குதித்தாள். இளவரசியை இழுத்துக்கொண்டு கரையேறினாள். ஊர் அவளைக் கொண்டாடியது. தளவாய்க்கு வயிறு எரிந்தது.

மறுநாள் சிலம்பாயியைச் சபையில் நிறுத்திப் பற்றவைத்தார்.

"மகாராஜா! இளவரசி மூழ்கிக்கொண்டிருக்க, இவள் தன் இடுப்புக்கல்லவா முதலில் கயிறு கட்டினாள்? தன் உயிர் முதலில், தங்கள் தங்கை பிறகு. இதற்குப் பெயர் தன்னலம்!"

"தன்னலம்!" ராஜா அந்தச் சொல்லை நாவில் உருட்டிப் பார்த்தான். முகம் சிவந்தது. "பொருத்தமான சொல். இவளை நாடு கடத்துங்கள்!"

சிலம்பாயிக்குப் பிறந்த ஊரும் பிழைக்கும் ஆறும் ஒரே சொல்லில் போயிற்றே! ஆனாலும் வாய் அடைத்துப் போகவில்லை.

"மகாராசா, நான் செஞ்சது தப்புன்னா, சரியானது எதுன்னு தளவாய் ஐயாவே சொல்லட்டும். கத்துக்கிட்டாவது போறேன்."

"நானாயிருந்தால் அந்த நொடியே அப்படியே குதித்திருப்பேன்!" மீசையை முறுக்கினார் தளவாய்.

"வெள்ளம் இன்னும் வடியலையே, மகாராசா. ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. ஐயா எடுத்துட்டு வரட்டும், கண்ணால பாத்துக்கிறேன்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். சபையே படித்துறைக்குப் போயிற்று. பூசணிக்காய் சுழலில் விழுந்து சுற்றியது. தளவாய் ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. செம்மண் வெள்ளம் முழங்காலைப் பிடித்து இழுத்தது. சட்டென்று திரும்பினார்.

"கயிறு... கயிறு எங்கேயப்பா?"

படித்துறை குலுங்கச் சிரித்தது.

"என் நலமும் பாத்தேன் மகாராசா, இல்லேங்கல. நான் போயிட்டா இளவரசியை யார் இழுக்கிறது? தன் நலம் பாத்தவ ரெண்டு உயிரோட கரையேறுவா. தன்னலம் பாக்கிறவங்க கரையை விட்டே இறங்க மாட்டாங்க."

ராஜா தளவாயைப் பார்த்தான். "நேற்று நீர் எங்கே நின்றீர்?"

"கரையில்தான், மகாராஜா" என்றார் தளவாய்.

"ஒரு மாதம் இந்தத் துறையில் இவளுக்குக் கயிறு பிடியும். சிலம்பாயி, இந்தத் துறை இனி உனக்கே சொந்தம்." சொன்னவன் சற்றே தயங்கினான். "ஆமாம், விசாரிக்காமல் உன்னை நாடு கடத்தச் சொன்னேனே, அது எந்த நலம்?"

"அது நலத்துலயே சேராது மகாராசா. அவசரம்!"

ராஜா ஒரு கணம் விழித்தான். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தான். அப்போதுதான் சிலம்பாயிக்கு மூச்சே வந்தது. ராஜா நிற்கிறான் என்பதையும் மறந்து, ஈரப்படியில் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள்.