தொடாமல் வரைந்த பரவளையம்

ஆய்வுக்கு வந்த அதிகாரி அருணகிரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்தாம் வகுப்புக்குள் நுழைந்த ஐந்தே நிமிடத்தில் பையன்கள் மேல் இரண்டு சாக்பீஸை விட்டெறிந்துவிட்டார்.

மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கிராஃப் நோட்டுகளைப் புரட்டினார். "பரவளையத்தைப் போய் ஸ்கேல் வெச்சா இழுப்பீங்க? புள்ளி வைக்கத் தெரியுது, வளைவு புரியலை. உங்களுக்கெல்லாம் பிளஸ் ஒன்ல கணக்கு குரூப் ஒரு கேடா? பேனா, சாக்பீஸ் எதையும் தொடாம ஒரு பரவளையம் காட்டுங்க. காட்டினா விண்ணப்பத்துல கையெழுத்துப் போடறேன்."

பள்ளியில் கணக்கு குரூப் தொடங்க அனுமதி கேட்கும் அந்த விண்ணப்பத்தோடு மூன்று வருஷமாக அலைந்த கணக்கு டீச்சரின் முகம் வாடிப்போயிற்று.

கடைசி பெஞ்சில் பேச்சியம்மாள் எழுந்தாள். கையில் திறந்த ஜாமெட்ரி பாக்ஸ்.

"பரவளையம்னா ரெண்டு நேர்கோடுதானே சார்?"

அவ்வளவுதான், சாக்பீஸ் பறந்தது. பேச்சியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டடி தள்ளிப் போய் பாக்ஸை நீட்டினாள். டங்கென்று உள்ளே விழுந்தது.

"நான் எதையும் தொடலை சார். பரவளையத்தை நீங்களே போட்டுட்டீங்க. ஏறிச்சு, உச்சியில திரும்பிச்சு, ஏறின மாதிரியே இறங்கிச்சு. உச்சியைப் பார்த்ததுமே எங்க விழும்னு தெரிஞ்சுபோச்சு."

அதிகாரி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நாலாவது சாக்பீஸை எடுத்தார்.

"மத்தவங்களுக்கும் புரிஞ்சுதா?"

வகுப்பு முழுக்க ஜாமெட்ரி பாக்ஸ்கள் படபடவென்று திறந்தன.