பொடிச்சி உருட்டிய மணல்

பறப்பதும் ஊர்வதும் நீந்துவதும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு ஆறு கடலில் சேரும் வாயைப் பெரும்புயல் மணலைக் கொட்டி அடைத்துவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி நாறியது. கடலுக்குப் போகவேண்டிய மடவை மீன் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன.

அடைபட்ட மணல்மேட்டில் கூட்டம் கூடியது. ஆற்றின் பழைய வாய் எங்கே என்று தெரிந்தால் தோண்டிவிடலாம். தெரிந்தவர் யாருமில்லை, தெரிந்தமாதிரிப் பேச எல்லோரும் இருந்தார்கள்.

"தெக்கேதான். எங்க பூட்டன் அங்க நின்னுதான் மீன் பிடிச்சாரு" என்றார் நாரையார்.

"உங்க பூட்டன் நின்ன இடமெல்லாம் ஆறா? வடக்கே" என்றார் ஆமையார்.

மூன்று நாள் பூட்டன்களே சண்டை போட்டார்கள்.

நகக்கண் அளவு நண்டு ஒருத்தி இருந்தாள், பொடிச்சி என்று பேர். அவளுக்குப் பொறுக்கவில்லை. "பூட்டன்மாரெல்லாம் போயாச்சு. மணல் இங்கதான கெடக்கு, அதையே கேப்போம்" என்றாள். ஆறு ஓடிய இடத்தில் அடிவண்டல் கசிந்து மேல் மணலிலும் ருசி ஏறியிருக்கும் என்பது அவள் கணிப்பு. ஒரு வாய் மணலை ருசி பார்த்தாள். வெறும் உப்பு. பார்த்ததையே மறுபடி பார்க்காமலிருக்க, அதை உருட்டி ஓரமாக வைத்தாள்.

"புயல் நம்ம வாயில மண்ணள்ளிப் போட்டுச்சு. இவ தானே போட்டுக்கிடுதா" என்று நாரையார் சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் ஆயிரம் உருண்டை. அலை ஏறிவந்து அத்தனையையும் கரைத்தது. பொடிச்சி அழுதாள். அழுதுமுடித்து, "அலை உருண்டையத்தான அழிச்சுது. நான் பாத்தத அழிக்கலியே" என்றாள். தண்ணீர் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மறுநாள் அவள் இனத்தாரும் வந்து ஆளுக்கொரு திட்டைப் பிரித்துக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் வண்டல் ருசி தட்டியது. தெற்கே இல்லை, வடக்கே இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து சண்டை போட்ட அதே இடத்தில்.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றாள் பொடிச்சி.

எழுந்தார்கள், தோண்டினார்கள். ஆறு உடைத்துக்கொண்டு ஓடியது. மிஞ்சிய மடவைக் குஞ்சுகளும் கூடவே ஓடின.

"அதான் வழி கெடச்சிட்டே, இன்னும் என்ன உருட்டுத?" என்றார் நாரையார், தலைகுனிந்தபடி.

"மணல் நிக்காம நகந்துக்கிட்டே இருக்கு நாரையாரே. இன்னொரு தடவ வழி தெரியாம நிக்கக் கூடாது."

அன்றைக்குத் தொடங்கிய உருட்டுதான். இன்றும் அலை இறங்கிய ஈரக் கரையில் பொடி நண்டுகள் மணலை மணிமணியாக உருட்டி வைக்கின்றன. அலை வந்து அழித்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்குகின்றன.