ஆல்தொரையின் கறுப்புத் துப்பாக்கி

"மேடம், எல்லாரும் சிரிக்கறாங்க" என்றார் ஆல்தொரை.

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லாரும் அவருக்கு எழுந்து நிற்பார்கள். துப்பாக்கி சுடும் சங்கத்தில் மட்டும் அவர் ரெஜினாவின் மாணவர். ரெஜினாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

சிரிப்புக்குக் காரணம் அவர் கையிலேயே இருந்தது. பழைய லிவர் துப்பாக்கி. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும்.

அதன் மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ஃபைபர் மாட்டியிருந்தார். குழலுக்கு அடியில் டார்ச். வளையத்தைச் சுற்றிக் கறுப்புக் கயிறு. மேலே, குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் புது சைட்.

"என்ன சொல்லிச் சிரிக்கறாங்க?"

"சினிமா ஷூட்டிங்கான்னு கேக்கறாங்க. கிழட்டுத் துப்பாக்கிக்குக் கமாண்டோ வேஷமாம்."

ரெஜினா சிரிக்கவில்லை. அவருடைய சொந்தத் துப்பாக்கியில் மரமும் இரும்பும் தவிர வேறொன்றும் கிடையாது.

மறுநாள் லிவர் துப்பாக்கிப் போட்டி. தூரத்தில் நிற்கும் இரும்புத் தகடுகளைச் சுட்டுச் சாய்க்க வேண்டும். எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்று சங்கத்தில் விதி எதுவும் இல்லை. ரெஜினா தலையசைத்தால் வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான். ஆல்தொரை ஒரு வருடமும் நிற்காமல் இருந்ததில்லை. இந்த வருடம் ரெஜினா தள்ளிவிடுவாரோ என்றுதான் முதல் நாளே துப்பாக்கியோடு வந்திருந்தார்.

ரெஜினா துப்பாக்கியை வாங்கி, வளையத்தைத் திறந்து, உள்ளே காலிதான் என்று பார்த்துக்கொண்டார். மேஜைமேல் வைத்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"டார்ச் எதுக்கு?"

"அழகுக்கு, மேடம்."

"போட்டி காலையில பத்து மணிக்கு."

டார்ச் கழன்றது.

"கயிறு?"

"அதுவும் அழகுக்குத்தான்."

கயிறும் அவிழ்ந்தது.

"இந்த ஃபைபர்?"

"நம்ம ஊர் மழைக்கு மரம் ஊதிப்போகுது. இது ஊதாது."

அதை விட்டுவிட்டார். ஸ்க்ரூடிரைவர் புது சைட்டுக்கு வந்தது.

"இது?"

ரெஜினா அதன் முதல் திருகைத் தளர்த்தினார்.

"அழகுக்குன்னா கழட்டிடறேன்."

ஆல்தொரை சட்டென்று அதன்மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

பின்னால் நின்று சிரித்த மற்ற உறுப்பினர்களுக்குக் கேட்குமோ என்று திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"குழல் முனையில இருக்கற இரும்புக் குறி எனக்குத் தெரியலை. கண்ணாடி போட்டா குறி தெரியுது, தூரத்துத் தகடு மங்கிடுது. இந்தச் சிவப்புப் புள்ளின்னா கண்ணாடி இல்லாமலே ரெண்டும் தெரியுது. வீட்ல கூடச் சொல்லலை."

ரெஜினா ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டார்.

"சுடுங்க."

ஆல்தொரை போய் நின்றார். தோட்டாக்களைப் போட்டார். தோளில் வைத்தார்.

வளையம் கீழே போனது, மேலே வந்தது. தூரத்தில் ஒரு தகடு சாய்ந்தது. மறுபடி வளையம், மறுபடி தகடு. அவர் கை அவசரப்படவே இல்லை. இத்தனை வருடப் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. ரெஜினாவுக்குப் பார்க்கவே பெருமையாக இருந்தது. கடைசித் தகடும் விழுந்தபோது, சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு நில்லுங்க" என்றார் ரெஜினா.

காலித் துப்பாக்கியை வாங்கி மறுபடி மேஜைமேல் வைத்தார். டார்ச்சை எடுத்து, பழைய இடத்திலேயே பொருத்தித் திருகத் தொடங்கினார்.

ஆல்தொரைக்குப் புரியவில்லை.

"அது சும்மா அழகுக்குன்னு சொன்னேனே மேடம்?"

"சைட் மட்டும் தனியா இருந்தா, எதுக்குன்னு கேப்பாங்க."

ரெஜினா நிமிராமல் கடைசித் திருகை இறுக்கினார்.

"இதுவும் இருந்தா கேக்க மாட்டாங்க. திமிருன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

ஆல்தொரை நெஞ்சை நிமிர்த்தி, மேஜைமேல் கிடந்த கறுப்புக் கயிற்றை எடுத்து நீட்டினார்.

"இதையும் கட்டிடுங்க."