முதல் பாக்கெட்

மிளகாய்த்தூள் ஆலை முதலாளி சங்கரபாண்டியன், அரைக்கிற மாடத்தியைக் காலையிலேயே தனியாகக் கூப்பிட்டார். "தூளோட செங்கல்பொடியைக் கலந்துடு. ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது."

"சரிங்க மொதலாளி."

மதியம் கடைக்காரர்களுக்கு முதலாளி வீட்டில் விருந்து. மனுஷன் மார்தட்டினார் பாருங்கள்! "பெரிய கம்பெனிக்காரன் சட்டத்துக்குப் பயப்படுவான். நாங்க குடும்பப் பேருக்குப் பயப்படுறவங்க. அரைச்சதுல முதல் பாக்கெட் எங்க அடுப்படிக்குத்தான்!" சொல்லிவிட்டு மீன்குழம்புச் சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனார்.

பரிமாறிக்கொண்டிருந்த மாடத்தி பணிவாகச் சொன்னாள்: "ஆமாங்க. இன்னைக்குக் குழம்புகூட காலையில அரைச்ச தூள்லதான்."

உருண்டை அந்தரத்தில் நின்றது. முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் முழியைப் பார்த்த கடைக்காரர்களும் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள்.

"பயப்படாமச் சாப்பிடுங்க மொதலாளி," என்றாள் மாடத்தி. "செங்கல்பொடி மூட்டையை நான் இன்னும் அவுக்கவே இல்ல."