ஓவனுக்கு வைத்த சந்தனம்

ஓர் ஊரில் பூங்கோதை என்பவளின் சமையலறையில் ஓர் ஓவன் இருந்தது. ஆறு வருஷமாக அந்த வீட்டுப் பிறந்தநாள் கேக்கெல்லாம் அதன் வயிற்றில்தான் வெந்தன. ஆயுத பூஜைக்கு மறுநாள் அதற்கு என்னவோ ஆனது. சூடேறும், ஐந்தே நிமிஷத்தில் அணைந்துபோகும். கேக் மாவு கூழாகவே கிடந்தது.

"சாயங்காலம் கடையில பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துட்டு வந்துடலாம்," என்றான் அவள் கணவன் மாயாண்டி.

"எதனால நின்னுச்சுன்னே தெரியாம கொடுக்கிறதா? மனசு கேக்கலைங்க."

ஓவனுக்கும் அதே யோசனைதான். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்? எனக்கு என்னதான் ஆச்சு?"

"வயசாச்சு," என்றது மிக்ஸி. "எனக்கு மூணு ஜார் மாத்தினாங்க. நான் வாயைத் திறந்தேனா?"

"நீ எப்போ வாயை மூடினே? எனக்குள்ள ஏறின சூடு வெளியே போகவே மாட்டேங்குது. மூச்சு முட்டுதுடி."

ஓவனின் விலாவிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே காய்ந்திருந்த பூஜைச் சந்தனம்தான் பேசியது. "முட்டினா என்ன? மரியாதையை நினைச்சுப் பாரு. முன்பக்கக் கண்ணாடியில நிக்காம வழுக்குதுன்னு, என்னை ரெண்டு பக்கமும் அள்ளி அப்பியிருக்காங்க. இந்தத் தெருவுல வேற எந்த ஓவனுக்கு இந்த யோகம்?"

"ரெண்டு பக்கமும் எந்த இடத்துல?"

"வரிசையா சின்னச் சின்ன ஓட்டை இருக்கே, அதுலதான். நல்லாப் பிடிச்சுக்கிட்டேன்."

ஓவனுக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் அது பேசுவது பூங்கோதைக்குக் கேட்காதே. மாயாண்டி அதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அட்டைப்பெட்டி தேடப் போய்விட்டான்.

"தாயே, கொஞ்சம் உதிர்ந்துடேன்," என்று கெஞ்சியது ஓவன். "என்னைத் தூக்கிட்டுப் போனா நீயும்தானே கூட வரணும்?"

"வச்சவங்க எடுக்கட்டும். அதுதான் முறை." சந்தனம் அசையவில்லை.

பூங்கோதை ஈரத்துணியோடு வந்தாள். வீட்டை விட்டுப் போகிற பொருளைத் துடைத்தாவது அனுப்பவேண்டும் என்பது அவள் வழக்கம். விலாப் பக்கம் துணிக்கு மசியவில்லை. பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தாள். பொருக்குப் பொருக்காகச் சந்தனம் உதிர உதிர, ஒவ்வோர் ஓட்டையாகக் கண் திறந்தது.

அவள் கை நின்றது. குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு பிளக்கைச் செருகி, ஓட்டைகளின் பக்கத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். ஐந்து நிமிஷம் போயிற்று, பத்தும் போயிற்று. வெதுவெதுவென்று காற்று அவள் உள்ளங்கையில் பட்டது.

"ஏங்க, பெட்டி வேண்டாம், வாங்க," என்று கூப்பிட்டுவிட்டு, ஓவனைப் பார்த்துச் சிரித்தாள். "கும்பிட்டே உன் உயிரை எடுக்கப் பார்த்தேனே."

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவள், ஓவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அது எங்கே மூச்சு விடுகிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள்.