மயிலாத்தாளின் கண் உள்ளே போன கதை

வெறும்பாளையத்தில் பொங்கியண்ணன் என்று ஒருவன் இருந்தான். அந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்வார்கள். அதில் பொங்கியண்ணன் ரொம்பக் கெட்டி. அவன் பெண்டாட்டி பாவாயி தன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு வயது மகள் மயிலாத்தாளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மதியத்துக்குள் பிள்ளை வாடின கீரைத்தண்டு மாதிரி அவன் தோளில் துவண்டுவிட்டது. ஒற்றைப் பிள்ளை. பொங்கியண்ணன் பிள்ளையோடு மச்சான் வீட்டுக்கு ஓடினான்.

பாவாயியின் அண்ணன் நாச்சிமுத்து மாட்டு வண்டியைப் பூட்டினான். பொங்கியண்ணனின் பெரியப்பா சென்னியப்பனும் ஏறிக்கொண்டார். எதையும் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பவர் என்பதால் ஊருக்கே அவர்தான் அறிவாளி.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களைக் கொடுத்தார்.

"உடம்புல தண்ணி வத்தக்கூடாது. கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில இதைக் கரைச்சு, பிள்ளை போகப் போகக் கரண்டி கரண்டியாக் கொடுங்க. மூச்சு வாங்கினாலோ, கண்ணு உள்ள போனாலோ, தாமதிக்காம இங்க தூக்கிட்டு வந்துருங்க."

பொங்கியண்ணன் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. அதுதான் சங்கடமாய்ப் போயிற்று.

பிள்ளை போகப் போகக் கொடுத்தார்கள். படுத்த இடத்திலிருந்து பாய் ஓரத்துக்குப் போனது, ஒரு கரண்டி. பாயை விட்டு ஆட்டுக்குட்டியிடம் போனது, ஒரு கரண்டி. ஆட்டுக்குட்டி ஓடியது, பிள்ளை பின்னால் போனது, குண்டாவோடு நாச்சிமுத்தும் கரண்டியோடு பொங்கியண்ணனும் அதற்குப் பின்னால் போனார்கள். ஒரு தடவை அவசரத்தில் ஆட்டுக்குட்டிக்கும் ஒரு கரண்டி போய்விட்டது. மறுநாள் காலையில் வயிற்றுப்போக்கு நின்று, மயிலாத்தா வாசலெல்லாம் ஓட ஆரம்பித்திருந்தாள். இவர்கள் இருவருக்கும்தான் கால் வீங்கிவிட்டது.

ஆனாலும் பொங்கியண்ணனுக்குப் பயம் விடவில்லை. பிள்ளை மூச்சு வாங்கிவிட்டால்? வாங்குவதென்றால் கடையில்தானே வாங்க வேண்டும்? நேரே கடைக்குப் போய், தன் மகள் வந்து மூச்சு கேட்டால் தயவுசெய்து கொடுக்க வேண்டாம் என்று பணிவாகச் சொன்னான். கடைக்காரரும் அந்த ஊர்க்காரர்தான். அந்தச் சரக்கு இப்போது இருப்பில் இல்லை, கேட்டு வந்தால் சந்தையில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். சந்தைக்கும் அனுப்ப வேண்டாம் என்று பொங்கியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

அவன் வந்து சேர்ந்த நேரத்தில் மயிலாத்தா வாசலிலிருந்து குடுகுடுவென்று வீட்டுக்குள் ஓடினாள்.

நாச்சிமுத்து குண்டாவைக் கீழே வைத்தான். "மாப்ளே, உள்ள போயிருச்சு."

"பிள்ளைதானே மச்சான் போச்சு?"

சென்னியப்பன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "பிள்ளை போச்சு, சரி. கண்ணை வெளியில வெச்சுட்டா போச்சு?"

மூவரும் வாசல் முழுக்கக் குனிந்து தேடினார்கள். திண்டுக்கு அடியில் பார்த்தார்கள், ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். கண் எங்கேயும் கிடக்கவில்லை.

"அப்படின்னா ரெண்டும் உள்ளதான் போயிருக்கு," என்றார் சென்னியப்பன். பொங்கியண்ணன் வீட்டுக்குள் ஓடினான். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வண்டியில் தாவினான்.

ஆஸ்பத்திரியில் மயிலாத்தா நர்ஸம்மாவின் சடையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். நர்ஸம்மா அவள் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டது, இவ்வளவு தண்ணி யாருமே கொடுத்துப் பார்த்ததில்லை என்று மெச்சினார். பொங்கியண்ணன் அங்கேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். நர்ஸம்மா ஒரு மாத்திரையைக் கரைத்துப் பிள்ளைக்குப் புகட்டிவிட்டு, மிச்சத்தை அவன் கையில் கொடுத்தார்.

"தினம் ஒண்ணு. ஆரம்பிச்சாச்சு, சரியாயிருச்சேன்னு நடுவுல நிறுத்திராதீங்க. மாத்திரை தீர்ற வரைக்கும் நிறுத்தவே கூடாது."

வண்டி கிளம்பியது. பாதி வழியில் தண்ணீர் குடிக்கலாம் என்றார் சென்னியப்பன், நாச்சிமுத்து நிறுத்தவில்லை. ஊர் வந்தது; நிறுத்தவில்லை. மாடுகள் மட்டும் பழக்கதோஷத்தில் வீட்டு முன்னால் போய் நின்றுவிட்டன. மூவரும் பதறிக் குதித்தார்கள்.

"மாடு நின்னா நிக்கட்டும். மாத்திரை அதுகளுக்கா கொடுத்தாங்க?" என்றார் சென்னியப்பன்.

பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் பாவாயி ஊரிலிருந்து வந்தாள். புருஷன், அண்ணன், பெரிய மாமனார் மூவரும் வரிசையாக வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்க, மகள் மேலேயிருந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். என்ன சங்கதி என்று கேட்டாள்.

"மாத்திரை தீர்ற வரைக்கும்..." என்றபடி பொங்கியண்ணன் மூலை திரும்பிவிட்டான். அடுத்த சுற்றில் வந்து, "...நிறுத்தக்கூடாதாம்," என்று முடித்தான்.

பாவாயி மூட்டையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்து, ஒரு சுற்று முழுக்க யோசித்தாள். அவர்கள் திரும்பி வந்ததும் கேட்டாள்:

"அப்ப உங்களுக்குச் சோறாக்க அடுப்பை ஆரு பின்னாலயே தூக்கிட்டு வர்றது?"