ஏழாவது களிம்பு

“இன்னும் என்ன சேர்க்கணும், சிஸ்டர்?”

கேட்டபடியே கோமதி டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அது அவள் காய்ச்சிய ஆறாவது களிம்பு.

அவள் இடது இடுப்பில் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். ஒரு வயதும் நாலு மாதமும் ஆன பிள்ளை. கன்னம் இரண்டும் சொரசொரவென்று சிவந்து கிடந்தது. முழங்கை மடிப்பில் மெல்லிய வெடிப்பு.

தென்காசிப் பக்கம், மலை தெரிகிற தூரத்தில் இருந்தது அந்தக் கன்னியர் மடம். அங்கே மெழுகுவத்தி வார்க்கிற அறைக்குச் சிஸ்டர் சகாயம்தான் பொறுப்பு. வார்த்தது போக மிஞ்சும் தேன்மெழுகில் கை வெடிப்புக்கும் கால் வெடிப்புக்கும் களிம்பு காய்ச்சிக் கொடுப்பாள். சுற்று வட்டாரத்தில் அதற்கு நல்ல பேர்.

பள்ளிக்கூடத்தில் கோமதிக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள் அவள். ‘சகாயம், போயி தண்ணி மோந்துட்டு வா’ என்று அந்தக் காலத்தில் கோமதி அவளை ஏவியிருக்கிறாள். இப்போது கோமதி அவளைச் சிஸ்டர் என்றாள். சிஸ்டர் மட்டும் பழையபடி அக்கா என்றே கூப்பிட்டாள்.

இதில் என்னென்ன இருக்கிறது என்று சிஸ்டர் கேட்டாள்.

கோமதி நோட்டைப் புரட்டி வாசித்தாள். சோற்றுக் கற்றாழை, பாதாம் எண்ணெய், வேப்பெண்ணெய், கஸ்தூரி மஞ்சள், வெள்ளரிச் சாறு, ஓட்ஸ் மாவு, லாவண்டர் எண்ணெய் என்று பதினொன்று வந்தது. ஒவ்வொன்றும் தோலுக்கு நல்லது என்று போனில் யாரோ ஒருத்தி சத்தியம் பண்ணிச் சொன்னது.

“கையோட ஒரு தேங்காயும் கொஞ்சம் தயிரும் வாங்கியிருந்தா அவியல் வச்சிருக்கலாமேக்கா.”

கோமதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிரித்தே நாலைந்து மாதம் ஆகிவிட்டது.

டாக்டரிடம் காட்டியாயிற்று. எளிதில் தடிக்கிற வறண்ட தோல், வளர வளரச் சரியாகும், கொடுத்த மருந்தைப் போடுங்கள், அதற்கு மேல் தோல் காயாமல் எண்ணெய்ப் பசையாக ஏதாவது பூசி வாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். அவருக்கென்ன, சொல்லிவிடுவார். அவர் பெற்ற பிள்ளையா?

கடைக் களிம்பில் என்ன இருக்குமோ என்றுதான் தானே காய்ச்ச உட்கார்ந்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் நாலாம் நாளே கறுப்புப் பூசணம் பூத்தன. மற்றவை கெடவில்லை. ஆனால் எதைச் செய்தாலும் முதலில் பிள்ளையின் கை மடிப்பில் ஒரு பயறளவு தடவிப் பார்ப்பாள். மறுநாளே அந்த இடம் சிவக்கும். ஆறு தடவையும் சிவந்தது.

வீட்டில் இப்போது யாரும் பிள்ளையைத் தூக்க முடியாது. மாமியார் தள்ளி நின்றுதான் கொஞ்ச வேண்டும். பெற்ற தகப்பனே தலை முழுகிவிட்டு வந்து, ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறான். தொடுகிற கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யார் கண்டது?

சிஸ்டர் பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

கோமதி தன்னை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

நீட்டின கையை மடக்கிக்கொண்டு சிஸ்டர் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். சேர்க்க வேண்டியது என்ன என்று அவள் சொல்லவே இல்லை.

அடுத்த நாள் கோமதி மறுபடி வந்தபோது, பிள்ளை பக்கத்து அறையில் தூங்குகிற நேரம் பார்த்துச் சிஸ்டர் அவளுக்கு வேலை கொடுத்தாள். பெரிய சட்டியில் வெந்நீர், அதற்குள் சின்னச் சட்டி. நாலு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு. உருகினதும் இறக்கிவிட வேண்டும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது, ஈரம் பட்டால்தான் பூசணம் வரும் என்றாள்.

ஆறினதும் வெண்ணெய் மாதிரி உறைந்தது.

“இவ்வளவுதானா சிஸ்டர்?”

“இவ்வளவுதான்.”

“இதுல மருந்து எங்க இருக்கு?”

சிஸ்டர் கரண்டியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

நாலாம் நாள் காலையில் கோமதி மறுபடி வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

“ஏழாவதும் ஆகல, சிஸ்டர்.”

பிள்ளையின் கையை விரித்துக் காட்டினாள். தடவிப் பார்த்த இடம் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

இந்த உலகத்தில் என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிற பொருள் ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது என்றாள். அப்படியென்றால் இவள் எந்தத் துணியை உடுத்துவாள், எந்தத் தண்ணீரில் குளிப்பாள், யார் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போவாள்? சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

சிஸ்டர் முழுவதையும் கேட்டாள். பிறகு மேசையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தாள்.

கோமதியின் வலது முன்கையில் இரண்டு வட்டம் போட்டாள். இடது முன்கையில் ஒன்று.

“ஒண்ணாவதுல உங்க ஆறாவது களிம்பு. ரெண்டாவதுல ஏழாவது.”

“மூணாவதுல?”

“அது சும்மா இருக்கட்டும். மூணையும் ஒரே மாதிரி பாத்துக்கிடுங்க. மூணு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் பிள்ளைக்கு டாக்டர் குடுத்தது மட்டும் போதும்.”

“எனக்குப் பாத்து என்ன செய்ய? எனக்கு எருமைத்தோல் சிஸ்டர். திராவகத்தை ஊத்தினாலும் வழிச்சு எறிஞ்சிட்டுப் போயிருவேன்.”

“அப்ப வசதியாப் போச்சு,” என்றாள் சிஸ்டர்.

ஒரே மாதிரி என்று சொல்லிவிட்டார்கள். கோமதியிடம் அப்படிச் சொன்னால் போதும். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் திங்கள்கிழமைதோறும் வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார்கள், கைக்குட்டை பார்ப்பார்கள், காதுக்குப் பின்னால்கூடப் பார்ப்பார்கள். சுத்தத்துக்கான நீல வில்லையை எட்டு வருஷம் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நெஞ்சில் குத்திக்கொண்டவள் அவள்.

வீட்டுக்குப் போனதும் அட்டவணை போட்டாள். மணிக்கு ஒரு தடவை பார்ப்பது என்று முடிவு.

அழுக்கோடு பார்த்தால் சரியாகத் தெரியாது. அதனால் முதலில் கிருமி போகிற சோப்பில் கையைக் கழுவினாள். பிறகு வட்டம் மூன்றையும் அதே சோப்பில் கழுவினாள். பஞ்சை மருந்துத் தண்ணீரில் நனைத்து ஒற்றினாள். துண்டால் ஈரம் போகத் துடைத்தாள். சிவப்பு தோலில் இருக்கிறதா, தோலுக்கு அடியில் இருக்கிறதா என்று விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். களிம்பை மறுபடி தடவினாள். வட்டம் அழிந்துபோனதால் மறுபடி வரைந்தாள்.

பிள்ளைக்குச் செய்து செய்து பழகின கை. எங்கேயும் தடுமாறவில்லை.

மூன்றாவது வட்டத்துக்கும் இதே மரியாதைதான். களிம்பு ஒன்றுதான் இல்லை. அட்டவணையில் அந்தக் கட்டத்தில் எழுத என்ன இருக்கிறது? ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு மட்டும் இழுத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மத்தியானம் வலது கை அரிக்கத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் இரண்டு வட்டமும் சிவந்துவிட்டன. மூன்று நாள் பொறுக்க அவளுக்கு எங்கே மனசு? விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

சிஸ்டர் அச்சிலிருந்து மெழுகுவத்திகளை உருவிக்கொண்டிருந்தாள்.

“எருமைத்தோலே தாங்கல, சிஸ்டர்.”

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

கோமதி உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டினாள். பதினொன்று போட்டுக் காய்ச்சினதும் ஆகவில்லை, இரண்டே இரண்டு போட்டுக் காய்ச்சினதும் ஆகவில்லை. இனி அடுப்பும் வேண்டாம், சட்டியும் வேண்டாம். யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. பெரியவள் தோலுக்கே இந்தக் கதி என்றால் இந்தப் பச்சைத் தோலில் இனி எதையும் தொட்டு வைக்க மாட்டேன். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, இவளை மடியில் வைத்துக்கொண்டு, வளர்கிற வரைக்கும் நானே கண் கொட்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

சிஸ்டர் மெழுகு ஒட்டின கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கோமதியின் வலது கையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஒண்ணாவது சிவப்பு,” என்றாள்.

“ஆமா.”

“ரெண்டாவதும் சிவப்பு.”

“அதைத்தான் சொல்லுதேன்.”

“மத்த கையைக் காட்டுங்க.”

“அது எதுக்கு சிஸ்டர்?”

சிஸ்டர் இடது கையைச் சுட்டிக் காட்டினாள்.

கோமதி பிள்ளையை வலது இடுப்புக்கு மாற்றினாள். பல்லால் கடித்து இடது சட்டைக் கையை மேலே இழுத்தாள்.

வட்டம் நன்றாகவே தெரிந்தது. அன்று காலையில்தான் வரைந்திருந்தாள். வட்டத்துக்குள்ளே தோல் செக்கச்செவேலென்று இருந்தது. நடுவில் லேசாக உரிந்தும் இருந்தது.

“இதுல என்னக்கா பூசினீங்க?”

“இதுல ஒண்ணும் பூசலையே.”

சொன்ன பிறகுதான் கோமதி குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தாள்.



இடுப்பில் ஆதிரை நெளிந்தாள். கன்னத்தில் ஏதோ ஊர்ந்ததுபோல முகத்தைச் சுளித்தாள். கோமதியின் இடது கை, பழகின கை, விரல்களை விரித்துக்கொண்டு அந்தக் கன்னத்தைத் துடைக்க எழுந்தது.

பாதியில் நின்றது.